தோப்பின் பெயர் கோட்டைக்கு வந்த கதை

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள் ஒரு காலை எடுத்து வைத்தாற்போல் நிற்கிறது வட்டக்கோட்டை. கருங்கல்லால் ஆன சுவர். கைப்பிடிச் சுவரையும் சேர்த்து ஏறத்தாழ 25 அடி உயரம். உள்ளே மூன்றரை ஏக்கர் அளவுக்கு நிலம். நாஞ்சில் நாட்டுப் பள்ளிகளிலிருந்து சுற்றுலா வரும் மாணவர்கள் இச்சுவர்மேல் ஏறி நின்று கடலைப் பார்த்து மகிழ்வது வழக்கம். "இதைக் கல்லால் எடுத்துக் கட்டியவர் டி லனாய் என்ற டச்சுத் தளபதி" என்று ஆசிரியர் சொல்வார். மாணவர்களும் அப்பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துகொள்வார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துபோவார்கள்.

டி லனாய் என்றால் என்ன பொருள் என்று நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா? முருகன், செல்வி, அன்பழகன் என்ற நம் பெயர்களுக்கெல்லாம் பொருள் இருக்கும்போது இதற்கு மட்டும் இல்லாமலா போகும்? இருக்கிறது. அந்தப் பொருளைத் தேடிக்கொண்டு போனால், ஒரு மரத்தின் அடியில் போய் நிற்போம். அங்கிருந்து ஓர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரையும், உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் ஒரு கண்ணாடிக் குடுவையையும், சதுரங்கப் பலகையில் எண்ணிக் கணக்குப் போட்ட ஒரு படை அதிகாரியையும் சந்திக்கலாம்.

முதலில் மனிதரைப் பார்ப்போம். யூஸ்டேசியஸ் பெனடிக்டஸ் டி லனாய் 1715-ஆம் ஆண்டு அர்ராஸ் என்ற நகரில் பிறந்தார். அது இன்று பிரான்சு நாட்டின் வடபகுதியில் இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து கீழ்த்திசைக்கு வந்தார். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரர்களை முறியடித்தது. சரணடைந்தவர்களில் டி லனாயும் ஒருவர். தம்மை வென்ற மன்னரிடமே அவர் பணியில் சேர்ந்தார். திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் சாலை அமைத்தார். வட்டக்கோட்டை உட்படப் பல அரண்களைச் செப்பனிட்டு வலுப்படுத்தினார். சுமார் 36 ஆண்டுகள் பணிபுரிந்து, 1777-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் மறைந்தார்.

அவரை டச்சுத் தளபதி என்று சொல்கிறோமே, அவர் பெயர் டச்சுப் பெயரே அன்று. அதில் முதலில் நிற்கும் 'டி' என்பது பிரெஞ்சு மொழிச் சொல். நம் ஐந்தாம் வேற்றுமையைப்போல 'இருந்து' என்ற பொருளை அது தரும். பெயரே ஒரு சாட்சி. டச்சுக் கம்பெனியின் படையில் இருந்தவர்கள் எல்லாரும் டச்சுக்காரர்கள் அல்லர். மிகப் பலர் ஜெர்மானியர், வேறு சிலர் பிரெஞ்சு மொழி பேசும் வடபுலத்தவர். கூலிக்குப் போர் புரிய வந்தவர்களின் தாயகம் எது என்பதைப் பல வேளைகளில் அவர்களின் குடும்பப் பெயரைக் கொண்டே அறிய வேண்டியிருக்கிறது.

ஊர், தொழில், தந்தை, பட்டப்பெயர்

குடும்பப் பெயர் என்பது நம்மிடையே பெரிதாக வேரூன்றாத ஒரு வழக்கம். நமக்கு முன்னெழுத்து போதும். ஆனால் அந்த முன்னெழுத்தைச் சற்று விரித்துப் பாருங்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் என்பதில் 'என்' என்பது நாகர்கோவில். 'எஸ்' என்பது தந்தை சுடலைமுத்து. ஊரும் தந்தையும் அதில் அடங்கிவிட்டன. ஐரோப்பாவிலும் முதலில் இப்படித்தான் இருந்தது. ஒரே ஊரில் பத்துப் பேருக்கு ஜான் என்று பெயர் இருந்தால் எவரை எப்படி அடையாளம் காண்பது? ஆற்றங்கரை ஜான், கொல்லன் ஜான், பீட்டர் மகன் ஜான், நெட்டை ஜான் என்று அழைத்தார்கள். நம் ஊர்களில் மேலத்தெரு மாணிக்கம், கொல்லுப்பட்டறை ஆறுமுகம் என்று சொல்வதுபோலத்தான்.

வேறுபாடு எங்கே வந்தது என்றால், அங்கே அந்த அடைமொழி மகனுக்கும் பேரனுக்கும் தொடர்ந்தது. மகன் கொல்லன் தொழிலை விட்டுவிட்டாலும் 'கொல்லன்' போகவில்லை. ஆற்றங்கரையை விட்டு மலைமேல் குடியேறினாலும் 'ஆற்றங்கரை' கூடவே வந்தது. வரி வசூலிப்பவருக்கும் நீதிமன்றத்துக்கும் இது வசதியாக இருந்தது. பிரான்சில் முதலாம் பிரான்சுவா மன்னர் 1539-இல் பிறப்பித்த வில்லே-கொத்ரே ஆணை, ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பாதிரிமார் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. வாயில் இருந்த பெயர் ஏட்டில் ஏறிவிட்டால் பிறகு எளிதில் மாறுவதில்லை.

ஆக, 'டி லனாய்' என்றால் 'லனாய் ஊர்க்காரர்'. கலைவாணரின் 'நாகர்கோவில்' எப்படியோ அப்படி. பிரெஞ்சு ஒலிப்பில் அது 'லனுவா'. லில் என்ற பெருநகருக்கு அருகே, பெல்ஜிய எல்லையை ஒட்டி, லனுவா என்ற சிற்றூர் இன்றும் இருக்கிறது. அர்ராஸிலிருந்து அது ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு. இனி அந்த ஊருக்கு அப்பெயர் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

இலத்தீன் மொழியில் 'அல்னுஸ்' என்பது ஒரு மரத்தின் பெயர். ஆங்கிலத்தில் அதை ஆல்டர் என்பார்கள். அந்த மொழியில் மரப்பெயரோடு 'ஏதும்' என்ற விகுதியைச் சேர்த்தால் அம்மரம் செறிந்த தோப்பு என்று பொருளாகும். நாம் பனையோடு காட்டைச் சேர்த்துப் பனங்காடு என்பதுபோல. எனவே 'அல்னேதும்' என்றால் ஆல்டர் தோப்பு. மக்கள் வாயில் உருண்டு உருண்டு அது பிரான்சின் ஒரு பகுதியில் 'ஓல்னே' என்றும், வடக்கே 'அனுவா' என்றும் தேய்ந்தது. அதன் முன்னே, குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டுகிற 'ல' என்ற சிறுசொல் ஒட்டிக்கொண்டு 'லனுவா' ஆயிற்று. ஆலங்காட்டின் முன்னே 'திரு' வந்து ஒட்டித் திருவாலங்காடு ஆகி, இன்று இரண்டையும் பிரித்து எண்ணுவார் இல்லாததுபோலவே இதுவும். 'லனுவா' என்பதன் முன் 'டி' சேர்ந்தது. பிறகு அதுவும் ஒட்டி ஒரே சொல்லாகி 'டெலனுவா' ஆனது. சொல்லுக்குள் சொல்லாக மூன்று சொற்கள்!

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆல்டர், ஆலமரம் என்ற ஒலி ஒற்றுமையைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. மரங்களும் வேறு, சொற்களும் வேறு. ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவுகட்டுவது சொல்லாராய்ச்சியில் மிகப் பழைய நோய். பெயராராய்ச்சியிலும் அது உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

நீரில் அழுகாத மரம்

ஆல்டர் நீரோரத்து மரம். நம் ஆற்றங்கரை மருதத்தைப்போல ஓடைக்கரையிலும் சேற்று நிலத்திலும் செழிக்கும். அதன் வெட்டுமுகம் முதலில் வெளிறி இருந்து, காற்றுப் பட்டதும் செம்மஞ்சளாக மாறும். காற்றிலும் ஈரத்திலும் மாறி மாறிக் கிடந்தால் எளிதில் உளுத்துப்போகும் இந்த மரம், முழுவதும் நீருக்குள் அமிழ்ந்து கிடந்தால் நெடுங்காலம் அழுகாது. மரத்தை அரிக்கும் பூஞ்சைகளுக்கு ஆக்சிஜன் வேண்டும். நீரடிச் சேற்றில் அது கிடைக்காது. வெனிஸ் நகரின் கட்டடங்களைத் தாங்கி நிற்கும் மரக்கம்பங்களில் ஆல்டரும் உண்டு.

இதன் வேரில் இன்னொரு சிறப்பு இருக்கிறது. உளுந்து, கடலை ஆகிய செடிகளின் வேரில் முடிச்சுகள் இருப்பதையும், அவற்றில் வாழும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருவதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். ஆல்டர் பயறு இனத்தைச் சேர்ந்ததன்று. ஆனாலும் அதன் வேரிலும் முடிச்சு உண்டு. அங்கே குடியிருப்பது ஃபிராங்கியா என்ற வேறொரு நுண்ணுயிர். வேலை அதே வேலைதான். நம் நாட்டிலும் இமயமலைப் பகுதியில் ஆல்டரின் ஓர் இனம் வளர்கிறது. நாகாலாந்தில் கோனோமா ஊர் உழவர்கள் அதை வயல்களில் விட்டு வளர்த்து, உச்சியை வெட்டி, நிலத்தின் வளத்தைக் காத்து வருகிறார்கள்.

ஆல்டர் கரி வெடிமருந்து செய்வதற்கும் பெயர்பெற்றது. கந்தகம், வெடியுப்பு, கரி என்ற மூன்றில் கரியின் தரம் முக்கியம். ஆல்டர், வில்லோ போன்ற மென்மரங்களின் கரியையே மருந்துச் சாலைகள் விரும்பின. உதயகிரியில் பீரங்கி வார்த்த மனிதரின் பெயருக்குள் வெடிமருந்து மரம் ஒளிந்திருந்தது என்றால் வேடிக்கைதானே!

இப்படிப்பட்ட மரம் ஐரோப்பாவெங்கும் ஓடைதோறும் நின்றதால், அதன் பெயரால் அமைந்த ஊர்களும் பல. அந்த ஊர்களின் வழியே வந்த குடும்பப் பெயர்களும் பல. மேற்குப் பிரான்சில் லோனே, டெலோனே. வடக்கே லனுவா, டெலனுவா. டச்சு மொழி வழங்கும் பகுதியில் வான் டெர் எல்ஸ்ட். பார்வைக்கு எல்லாம் வேறு வேறு பெயர்கள். பொருள் ஒன்றுதான்: ஆல்டர் தோப்புக்காரர்.

ஜெர்மன் மொழியில் இம்மரத்துக்கு எர்லே என்று பெயர். எர்லர், எல்லர்மன், எல்ஸ்னர் ஆகிய ஜெர்மன் குடும்பப் பெயர்களில் இம்மரம் நிற்கிறது. எல்லாவற்றிலும் உங்களுக்கு நன்கு பழக்கமானது ஒன்று உண்டு. வேதியியல் ஆய்வகத்தில் அடி அகன்று கழுத்துக் குறுகிய கூம்புக் குடுவையை எடுத்து, தரம்பார்த்தல் சோதனை செய்திருக்கிறீர்கள் அல்லவா? அதற்கு எர்லன்மேயர் குடுவை என்றும் பெயர். எமில் எர்லன்மேயர் (1825–1909) என்ற ஜெர்மன் வேதியியலார் 1860-இல் அதை அறிமுகப்படுத்தினார். எர்லன் என்றால் ஆல்டர் மரங்கள். மேயர் என்பது பண்ணையை மேற்பார்க்கும் அதிகாரி. 'பெரியவர்' என்று பொருள்படும் ஓர் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர்ப்புறத்து மணியக்காரருக்கு ஒப்பான பதவி எனலாம். எனவே எர்லன்மேயர் என்பதைத் தமிழாக்கினால் 'ஆல்டர்தோப்பு மணியக்காரர்' என்று வரும்.

ஜெர்மனியில் மேயர் என்ற பெயர் மிகுதியாக இருப்பதற்குக் காரணமும் இதிலேயே விளங்கும். பண்ணைக்கு ஒரு மணியக்காரர் இருந்திருப்பார், பண்ணைகளோ ஆயிரக்கணக்கில். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத குடும்பங்கள் ஆங்காங்கே அதே பெயரைப் பெற்றன. பலர் ஆனபின், இவர் எந்த மேயர் என்று கேட்க வேண்டிய நிலை வந்தது. ஆல்டர் தோப்பு மேயர், ஆற்றுப் பாலத்து மேயர் என்று அடைமொழிக்கு மேல் அடைமொழி ஏற்றினார்கள். ஒரு பெயர் பரவலாக இருப்பது அக்குலத்தின் பெருமையைக் காட்டுவதன்று. அது பல இடங்களில் தனித்தனியே முளைத்தது என்பதைத்தான் பெரும்பாலும் காட்டும்.

மேலே சொன்ன பெயராராய்ச்சி நோய்க்கு இப்போது வருவோம். ஒரே குடும்பப் பெயர் என்றால் ஒரே குருதி என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். லனுவா என்ற பெயரில் புகழ்பெற்ற பிரபுக் குலம் ஒன்று இருந்தது. அக்குலத்தின் சார்லஸ் டி லனுவா நேப்பிள்ஸ் நாட்டின் அரசப் பிரதிநிதி. 1525-இல் இத்தாலியின் பாவியா போர்க்களத்தில் தோற்ற பிரெஞ்சு மன்னர் தம் வாளை இவர் கையில்தான் ஒப்படைத்தார். அந்த மன்னர் யார் தெரியுமா? பதிவேட்டு ஆணை பிறப்பித்த அதே முதலாம் பிரான்சுவாதான். ஒரு டி லனுவா மன்னரின் வாளை வாங்கினார். 216 ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு டி லனாய் குளச்சலில் தம் ஆயுதத்தைக் கீழே வைத்தார். கதை எழுதுவதற்கு அருமையான பொருத்தம். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இருவரும் ஒரே குலம் என்று சொல்லிவிட முடியாது. தோப்புகள் பல, அவற்றின் அருகே குடியிருந்தவர்களும் பலர்.

பிரபுக் குலம் கிடக்கட்டும்; எளிய குடும்பம் ஒன்றைப் பாருங்கள். வடபுலத்திலிருந்து மத நெருக்கடியால் ஹாலந்துக்குக் குடிபெயர்ந்தோரில் ஒரு டி லனுவா குடும்பமும் இருந்தது. லைடன் நகரில் 1603-இல் ஞானஸ்நானம் பெற்ற பிலிப் டி லனுவா என்ற இளைஞர் 1621-இல் ஃபார்ச்சூன் என்ற கப்பலில் அமெரிக்காவின் பிளிமத் குடியேற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஆங்கிலேயர் நாவில் லனுவா நுழையவில்லை. டெலனோ என்று சுருங்கியது. அவர் வழியில் வந்த சாரா டெலனோவின் மகன்தான் 1933 முதல் 1945 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஃபிராங்ளின் டெலனோ ரூஸ்வெல்ட். ரூஸ்வெல்ட் என்பதோ டச்சு மொழியில் ரோஜா வயல். தாய்வழியில் தோப்பும் தந்தைவழியில் வயலுமாக, உழவர் வீட்டுப் பத்திரத்தைப்போல இருக்கிறது அவர் பெயர்!

அறிவியல் இதழில் கணிதம் இல்லாமல் முடியுமா? ஹென்றி அகுஸ்த் டெலனுவா (1833–1915) பிரெஞ்சுப் படையில் அதிகாரி. ஓய்வு வேளைகளில் கணித ஆராய்ச்சி செய்தவர். சதுரங்கப் பலகையின் ஒரு மூலையில் ஒரு காயை வையுங்கள். அது ஒரு முறைக்கு ஒரு கட்டமாக வலப்புறமோ, மேலேயோ, குறுக்காக வலமேற்புறமோ மட்டும் போகலாம். எதிர்மூலையை அடைய எத்தனை வழிகள்? 2-க்கு 2 கட்டம் என்றால் 3 வழிகள். 3-க்கு 3 என்றால் 13. 4-க்கு 4 என்றால் 63. எந்தக் கட்டத்துக்கும் உரிய எண்ணைக் காண, அதன் இடப்புறம், கீழ்ப்புறம், குறுக்கே கீழ்ப்புறம் உள்ள மூன்று எண்களைக் கூட்டினால் போதும். முதல் வரிசையிலும் முதல் நிரலிலும் எல்லாம் 1. தாளில் போட்டுப் பாருங்கள். முழுச் சதுரங்கப் பலகைக்கு 48,639 வழிகள் வரவேண்டும். இவற்றை டெலனுவா எண்கள் என்றே கணிதவியலார் அழைக்கிறார்கள்.

இன்னொரு கணித மேதையின் பெயரும் இதே தோப்பிலிருந்து வந்ததுதான். சிதறிக் கிடக்கும் புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்கும் முறை ஒன்று நில வரைபடத்திலும் கணிப்பொறிப் படங்களிலும் பெரிதும் பயன்படுகிறது. அதற்கு டெலோனே முக்கோணமாக்கல் என்று பெயர். அதைக் கண்ட போரிஸ் டெலோனே (1890–1980) ரஷ்யர். ரஷ்யருக்குப் பிரெஞ்சுப் பெயர் எப்படி வந்தது? நெப்போலியன் 1812-இல் ரஷ்யாமீது படையெடுத்தபோது பிடிபட்டு, அங்கேயே மணம்புரிந்து தங்கிவிட்ட ஒரு பிரெஞ்சு அதிகாரி அவருடைய மூதாதை. பிடித்த நாட்டிலேயே வாழ்ந்து முடித்த அந்த டெலோனேயைப் படிக்கும்போது எனக்கு உதயகிரியில் துயிலும் டி லனாய்தான் நினைவுக்கு வந்தார். இருவர் பெயருக்கும் பொருள் ஒன்று. விதியும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ரஷ்யாவில் அந்தப் பெயர் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. இங்கே என்ன ஆயிற்று?

பெயர் அற்றுப்போகும் கணக்கு

டி லனாய்க்கு ஜோகன்னஸ் என்ற மகன் இருந்தார். தந்தையைப் போலவே திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்தவர். 1765-இல் களக்காட்டில் நடந்த போரில் இளம் வயதிலேயே உயிர் நீத்தார். தந்தை மேலும் 12 ஆண்டுகள் வாழ்ந்தார். உதயகிரியில் தந்தை, தாய், மகன் மூவரின் கல்லறைகளும் அருகருகே உள்ளன. பெயரைத் தாங்கிச் செல்ல வேண்டிய பிள்ளை, பெயருக்கு உரியவருக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டார்.

குடும்பப் பெயர்கள் அற்றுப்போவதை ஆராய ஒரு கணக்கே இருக்கிறது. இங்கிலாந்தின் பிரபுக் குடும்பங்களில் பல பெயர்கள் மறைந்துவருவதைக் கண்ட ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1873-இல் இதை ஒரு கணித வினாவாக வெளியிட்டார். வாட்சன் என்ற பாதிரியார் விடை காண முயன்றார். 1874-இல் இருவரும் கட்டுரை எழுதினார்கள். எளிய எடுத்துக்காட்டு ஒன்று பார்ப்போம். ஒவ்வோர் ஆணுக்கும் மகன் இல்லாமற்போக கால் பங்கு வாய்ப்பு, ஒரு மகன் பிறக்க அரைப் பங்கு, இரு மகன்கள் பிறக்கக் கால் பங்கு என்று கொள்வோம். சராசரியாக ஆளுக்கு ஒரு மகன். அப்படியானால் பெயர் நிலைத்து நிற்கும் என்றுதானே தோன்றுகிறது? கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது. தனி ஒரு மனிதரிடமிருந்து தொடங்கும் பெயர், முதல் தலைமுறையில் அற்றுப்போக வாய்ப்பு 25 விழுக்காடு. இரண்டாம் தலைமுறைக்குள் 39. மூன்றாவதற்குள் 48. நான்காவதற்குள் 55. இப்படியே போனால் என்றாவது ஒரு நாள் அது அற்றே தீரும். சராசரி ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் தப்பிப் பிழைக்க வழி உண்டு, அப்போதும் உறுதியில்லை. வாட்சன் இந்தக் கடைசி இடத்தில் சறுக்கிவிட்டார். எப்படியானாலும் எல்லாப் பெயர்களும் அழியும் என்று எழுதினார். பியனேமே என்ற பிரெஞ்சுக்காரர் 1845-லேயே சரியான விடையைக் கூறியிருந்தது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. பெயருக்காகப் பிறந்த இக்கணக்கு பின்னர் அணுப்பிளவின் தொடர்வினையை ஆராயவும் கைகொடுத்தது.

ஆக, பிறநாட்டில் தனியாக வந்து நின்ற ஒரு மனிதரின் பெயர் அற்றுப்போவது வியப்பன்று. ஒரே ஊரில் நூறு டெலனுவாக்கள் இருந்தால், பத்துக் கிளை பட்டாலும் பெயர் பிழைக்கும். வடபிரான்சில் அப்பெயர் இன்றும் பரவலாக இருப்பதற்கும் இங்கே இல்லாமற்போனதற்கும் கணக்கு ஒன்றுதான்.

இந்த இடத்தில் வட்டக்கோட்டைக்குச் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மயிலாடியையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். கல்லில் சிலை வடிக்கும் சிற்பிகளுக்குப் பெயர்போன ஊர் அது. வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1806-இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இப்பகுதிக்கு வந்தார். பிறந்தது 1770-இல், அன்றைய பிரஷ்ய நாட்டின் சிலேசியாவில். படித்தது ஹாலே நகரில். மயிலாடி வேதமாணிக்கம் அவரை அழைத்து வந்ததையும், 1809-இல் அங்கே கோயில் எழுந்ததையும் குமரி மாவட்டத்தார் நன்கு அறிவார்கள். ரிங்கல் என்றால் சிறு வளையம். தௌபே என்றால் புறா. கழுத்தில் வளையமிட்டாற்போல் வெள்ளைத் திட்டு உடைய ஐரோப்பியக் காட்டுப் புறாவுக்கு அது பெயர். ஊரால் அன்று, தொழிலால் அன்று, பறவையால் வந்த பெயர் இது. ஜெர்மனியின் சில பகுதிகளில் பேச்சு வழக்கில் 'கிடைத்தற்கரிய பொருள்' என்றும் அச்சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு. மணம் புரியாத அம்மனிதர் 1816-இல் இங்கிருந்து புறப்பட்டார். கப்பலேறியபின் என்ன ஆனார் என்ற செய்தியே வரவில்லை. கால்ட்டன் கணக்குப்படி அக்கிளை அன்றே பட்டது. ஆனால் மயிலாடிக் கோயில் வேதமாணிக்கத்தின் பெயரோடு அவர் பெயரையும் இன்றுவரை தாங்கி நிற்கிறது.

பெயரை அப்படியே வைத்துக்கொள்வது ஒரு வழி. பொருளை மொழிபெயர்த்துக்கொள்வது இன்னொரு வழி. டி லனாயின் நட்பால் கிறித்தவரான நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் பெற்ற பெயர் லாசரஸ். 'இறைவன் உதவினார்' என்பது அதன் எபிரேயப் பொருள். அதையே தமிழாக்கித் தேவசகாயம் என்று வழங்கினார்கள். 1752-இல் கொல்லப்பட்ட அவர் 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். லாசரஸ் தமிழானதுபோல் டி லனாயும் தமிழாகியிருந்தால், தோப்படியார் என்றோ மருதங்காட்டார் என்றோ ஒரு தளபதியை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம்.

ஆனால் அக்காலத்து மக்கள் அவரைக் குடும்பப் பெயரால் அழைக்கவே இல்லை. அவர்களுக்கு அவர் 'வலிய கப்பித்தான்'. வலிய என்றால் பெரிய. கப்பித்தான் என்பது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற 'கேப்டன்'. குடும்பப் பெயரை அவர்கள் வேறிடத்தில் வைத்தார்கள். அவர் வாழ்ந்த உதயகிரிக் கோட்டைக்கு 'டில்லனாய்க் கோட்டை' என்று பெயர் வழங்கலாயிற்று. ஒரு தோப்பின் பெயர் ஊருக்கு ஆகி, ஊரின் பெயர் ஆளுக்கு ஆகி, ஆளின் பெயர் மீண்டும் ஓர் இடத்துக்கே வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலும் இதுவே நடந்தது: கலிபோர்னியாவில், அமைச்சராக இருந்த கொலம்பஸ் டெலனோ என்பவர் பெயரால் டெலனோ என்று ஒரு நகரம் இருக்கிறது. 1965-இல் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தால் உலகெங்கும் பேசப்பட்ட நகரம் அது.

தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. வட்டக்கோட்டைக்குப் போகிறவர்கள் அங்கும் போய் வாருங்கள். கூரையற்ற ஒரு பழைய ஆலயத்துக்குள் அந்தக் கல்லறை உள்ளது. குடும்பச் சின்னம் பொறித்த கல்லின்மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். இலத்தீன் வாசகம் வழிப்போக்கரைச் சற்று நிற்கச் சொல்லித் தொடங்குகிறது. பக்கத்தில் மனைவியும் மகனும்.